குற்றச்சாட்டு வனையும் நாள்: இளம் வழக்கறிஞர்களுக்குச் சில அறிவுரைகள்

குற்றவியல் பக்கம் வர விரும்பும் ஜூனியர்கள் முதலில் கேட்பது குறுக்கு விசாரணை எப்படிச் செய்வது என்பதைத்தான். ஜாமீன் வாதம், குறுக்கு, இறுதி வாதுரை என்றால் எல்லோருக்கும் ஆர்வம். குற்றச்சாட்டு வனைவுக்கு என்று போட்டிருக்கும் வாய்தாவுக்கு மட்டும், நேற்றுச் சேர்ந்த ஜூனியரை அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்கு எழுதப்படும் ஒரு தாளின்மேல்தான் மொத்த விசாரணையும் நிற்கிறது. ஒரு மனிதனைக் கூண்டில் நிறுத்தி "நீ இதைச் செய்தாய்" என்று அரசு சொல்கிறது என்றால், எதை, எப்போது, எங்கே, யாருக்குச் செய்தான் என்று அவனுக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகுதான் அவனிடம் பதில் கேட்கும் உரிமை வருகிறது. கீழே நான் சொல்லப்போகும் அத்தனையும் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

1. நான்கு தாள்களையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

காவல் நிலையத்தில் ஒருவர் எழுதிக் கொடுப்பது புகார். அதை வைத்துக் காவல்துறை பதிவு செய்வது முதல் தகவல் அறிக்கை; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) 173. புலன் விசாரணை முடிந்ததும் ஆய்வாளர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது இறுதி அறிக்கை; பழைய 173, புதிய 193. இதைத்தான் எல்லோரும் குற்றப்பத்திரிகை என்றும் சார்ஜ் ஷீட் என்றும் சொல்கிறோம். நான்காவதாக, இருதரப்பையும் கேட்டபின் நீதிமன்றமே எழுதி, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, படித்துக் காட்டுவது குற்றச்சாட்டு. முதல் மூன்றும் ஒரு தரப்பின் கூற்று. நான்காவது நீதிமன்றத்தின் ஆவணம். "சார்ஜ் ஷீட் போட்டுட்டாங்களாம், இனி என்ன சார் இருக்கு?" என்று கட்சிக்காரரின் மனைவி அழுதுகொண்டு வருவார். இடையில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று அவரை உட்காரவைத்து விளக்குவதும் நம் வேலைதான்.

2. குற்றச்சாட்டை எழுதுவது நீதிபதி என்பதை மறக்காதீர்கள்.

அமெரிக்காவில் கடுமையான மத்தியக் குற்றங்களுக்கு 16 முதல் 23 குடிமக்கள் அடங்கிய கிராண்ட் ஜூரி கூடி, குறைந்தது 12 பேர் ஒப்பினால்தான் முறையான குற்றச்சாட்டு பிறக்கும். இலங்கையில் மேல் நீதிமன்றத்துக்குக் குற்றப்பகர்வுப் பத்திரத்தை அனுப்புபவர் சட்டமா அதிபர். நம் நாட்டில் அந்தப் பொறுப்பு, வழக்கை விசாரிக்கும் நீதிபதியின் கையில் இருக்கிறது. குற்றப்பத்திரிகையில் ஆய்வாளர் போட்ட பிரிவுகளை அப்படியே பெயர்த்து எழுத வேண்டிய கட்டாயம் நீதிபதிக்கு இல்லை. நீதிபதி வெறும் தபால் நிலையம் அல்ல என்று பிரபுல்ல குமார் சமல் வழக்கில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அன்றைக்கு நீங்கள் சொல்லும் வாதத்துக்கு மதிப்பு உண்டு. "போலீஸ் போட்ட செக்‌ஷன், நாம என்ன பண்றது" என்று வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள்.

3. பிரிவைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.) பி.என்.எஸ்.எஸ்.ஸும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனால் ஒருவர் எந்தச் சட்டப்படி தண்டிக்கப்படலாம் என்பதைத் தீர்மானிப்பது குற்றம் நடந்த நாள். 2024 ஜூன் மாதம் நடந்த கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 302. அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்திருந்தால் பி.என்.எஸ். 103(1). புதுச் சட்டம் வந்துவிட்டதே என்று பழைய குற்றத்துக்குப் புதுப் பிரிவைப் போட்டுவிடக் கூடாது. ஜூலை 1 அன்று நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய நடைமுறைச் சட்டப்படியே தொடரும். இன்னும் சில ஆண்டுகளுக்கு இரண்டு புத்தகங்களும் உங்கள் மேசைமேல் இருக்க வேண்டும்.

4. வழக்குக் கட்டை முழுதாகப் படிக்காமல் போகாதீர்கள்.

எதிரிக்கு வழக்கு ஆவணங்களின் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது புதிய சட்டம். நகல் வாங்கிக் கையெழுத்துப் போடும் இடத்திலேயே பக்கங்களை எண்ணுங்கள். சாட்சிகளின் வாக்குமூலங்கள் முழுதாக இருக்கின்றனவா? பார்வை மகஜர், வரைபடம், மருத்துவச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் சேர்ந்திருக்கின்றனவா? சாட்சிப் பட்டியலில் 14 பேர் இருந்து வாக்குமூலம் 11 பேருக்குத்தான் இருந்தால், அன்றே மனுப் போடுங்கள். குற்றச்சாட்டு இந்தத் தாள்களிலிருந்துதான் எழப்போகிறது. இவற்றில் இல்லாத ஒன்று குற்றச்சாட்டில் வந்தால், கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள்.

5. விடுவிப்பு மனுவைப் பழக்கத்துக்காகப் போடாதீர்கள்.

அரசுத் தரப்பு ஆவணங்களை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் உருவாகவில்லை என்றால், விசாரணை இல்லாமலே எதிரியை விடுவிக்கலாம். அமர்வு வழக்குக்குப் பழைய 227, புதிய 250. நடுவர் முன் உள்ள வாரண்டு வழக்குக்குப் பழைய 239, புதிய 262. இப்போது கெடுவும் உண்டு. அமர்வு வழக்கில், அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைப்பு (கமிட்டல்) ஆன நாளிலிருந்து 60 நாள். வாரண்டு வழக்கில் நகல் கொடுத்த நாளிலிருந்து 60 நாள். நாட்குறிப்பில் முதல் வேலையாக அந்தத் தேதியை எழுதிவையுங்கள்.

அந்தக் கட்டத்தில் நீதிபதி பார்ப்பது நிரூபணம் ஆகிவிட்டதா என்பதை அல்ல. பலமான சந்தேகம் எழுகிறதா என்பதை. இரண்டு விதமாகக் கொள்ள இடமிருந்து, எழுவது வெறும் சந்தேகமாக மட்டும் இருந்தால் விடுவிக்கலாம் என்று அதே சமல் வழக்கு சொல்கிறது. ஆனால் எதிரி தன் பக்கத்து ஆவணங்களை அந்தக் கட்டத்தில் கொண்டுவந்து வைக்க முடியாது என்பது தேபேந்திரநாத் பாதி வழக்கில் 2004 நவம்பரில் முடிவாகிவிட்டது. "என் கட்சிக்காரர் அன்றைக்கு மதுரையிலேயே இல்லை, இதோ ரயில் டிக்கெட்" என்று காட்டுவதற்கான இடம் அது அல்ல. அங்கே காட்டினால் மனுவும் தள்ளுபடியாகும், உங்கள் எதிர்வாதமும் அரசுத் தரப்புக்கு முன்கூட்டியே தெரிந்துபோகும்.

விடுவிப்பு வேறு, விடுதலை வேறு என்பதையும் கட்சிக்காரருக்குச் சொல்லிவையுங்கள். விசாரணை முடிந்து விடுதலை ஆனவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

6. குற்றச்சாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படியுங்கள்.

பயிற்சிக்காக நான் எழுதிய மாதிரி ஒன்று இது:

"எதிரியாகிய நீர், 2024 ஆகஸ்டு 14ஆம் தேதி இரவு சுமார் 11 மணிக்கு, இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன கதவு எண்ணில் உள்ள அரசுத் தரப்பு முதல் சாட்சியின் குடியிருப்பு வீட்டினுள், அவர் சுவாதீனத்தில் இருந்த மூன்று பவுன் தங்கச் சங்கிலியை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் எடுத்துத் திருடினீர் என்றும், அதன்மூலம் பாரதிய நியாய சன்ஹிதா 305(அ) பிரிவின்கீழ் தண்டிக்கத்தக்கதும் இந்நீதிமன்றத்தின் விசாரணைக்கு உட்பட்டதுமான குற்றம் புரிந்தீர் என்றும் உம்மீது குற்றம் சாட்டப்படுகிறது."

இதில் ஒரு சொல்கூட அலங்காரத்துக்கு இல்லை. தேதியும் நேரமும் இருந்தால்தான் எதிரி "அப்போது நான் அங்கே இல்லை" என்று சொல்ல முடியும். ஊரும் தெருவும் இருந்தால்தான் இந்த நீதிமன்றத்துக்கு எல்லை உண்டா என்று பார்க்க முடியும். சுவாதீனம், சம்மதமின்மை, நேர்மையற்ற எண்ணம் மூன்றும் திருட்டின் உறுப்புகள்; அரசுத் தரப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே நிரூபித்தாக வேண்டும்.

"குடியிருப்பு வீட்டினுள்" என்பதில் கொஞ்சம் நில்லுங்கள். சாதாரணத் திருட்டுக்கு 303(2)இன்படி மூன்று ஆண்டுவரை தண்டனை. வீட்டுக்குள் நடந்தால் 305இன்படி ஏழு ஆண்டுவரை போகலாம். சாட்சியின் வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்தால், வீட்டுக்கு வெளியே தெருவில் சங்கிலியை வைத்திருந்ததாக அவரே சொல்லியிருப்பார். அப்படியானால் அந்த ஒரு சொல்லுக்கு ஆதாரம் கட்டில் இல்லை. அன்றே எழுந்து அதைச் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுத் தண்டனையின் வித்தியாசம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

இதே போல, முன்தண்டனையைக் காட்டிக் கூடுதல் தண்டனை கேட்கப்போகிறார்கள் என்றால், அந்த முன்தண்டனையின் விவரமும் தேதியும் இடமும் குற்றச்சாட்டில் இருக்க வேண்டும்.

7. "எப்படி" என்று சொல்லியாக வேண்டிய குற்றங்களை அடையாளம் காணுங்கள்.

சட்டம் இதற்கு அழகான எடுத்துக்காட்டுகள் தந்திருக்கிறது. பழைய 213, புதிய 236. திருட்டு என்றால் எந்தப் பொருள், எப்போது, எங்கே என்பது போதும். எப்படித் திருடினான் என்று விவரிக்க வேண்டியதில்லை. கொலைக்கும் அப்படித்தான். ஆனால் மோசடி என்றால் என்ன சொல்லி, எப்படி ஏமாற்றினான் என்று எழுதியே ஆக வேண்டும். பொய்ச்சாட்சி என்றால் சாட்சியத்தின் எந்தப் பகுதி பொய் என்று காட்ட வேண்டும். அரசு ஊழியரைத் தடுத்தான் என்றால் எவ்விதமாகத் தடுத்தான் என்று சொல்ல வேண்டும்.

காரணம் எளிது. "நீ இன்னாரை ஏமாற்றினாய்" என்று மட்டும் சொன்னால் யாரால் பதில் சொல்ல முடியும்? வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினானா, வேறொருவர் நிலத்தைத் தன்னுடையது என்று காட்டி முன்பணம் வாங்கினானா? முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, பிறகு திருப்பித்தர முடியாமல் போனதா? கடன் தகராறுகள் மோசடி வழக்காக உருமாறி வருவதை இனி நிறையப் பார்ப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்த "எப்படி" என்ற கேள்வியில்தான் தடுமாறும்.

நம்பிக்கை மோசடியில் சட்டம் ஒரு தளர்வு தருகிறது. சங்கக் கணக்கில் பல தவணையாகப் பணம் எடுத்திருந்தால் ஒவ்வொரு தேதியையும் எழுத வேண்டியதில்லை; மொத்தத் தொகையையும் முதல் நாள், கடைசி நாளையும் சொன்னால் போதும். ஆனால் அந்த இடைவெளி ஓராண்டைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறதா என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

8. ஒரு குற்றத்துக்கு ஒரு குற்றச்சாட்டு. விதிவிலக்குகளை மனப்பாடம் செய்யுங்கள்.

தனித்தனிக் குற்றங்களுக்குத் தனித்தனிக் குற்றச்சாட்டு, தனித்தனி விசாரணை என்பதே அடிப்படை. பத்து விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒருவன் தலையில் வைத்தால், ஒன்றில் ஆதாரம் இல்லாவிட்டாலும் மற்ற ஒன்பதின் நிழல் அதன்மேல் விழும். விதிவிலக்குகள் உண்டு. ஒரே வகையான குற்றங்கள் 12 மாதத்துக்குள் நடந்திருந்தால் பழைய சட்டத்தில் மூன்றுவரை சேர்த்து விசாரிக்கலாம். புதிய 242 அதை ஐந்தாக்கியிருக்கிறது. ஒரே நிகழ்ச்சித் தொடரில் நடந்தவற்றையும் சேர்க்கலாம். நடந்தது எந்தக் குற்றம் என்பதில் ஐயம் இருந்தால் மாற்றாகவும் குற்றம் சாட்டலாம். பல எதிரிகள் உள்ள வழக்கில், பொதுவான எண்ணம், சட்டவிரோதக் கும்பல், கூட்டுச்சதி இவற்றில் எந்த வழியாக உங்கள் கட்சிக்காரரை உள்ளே கொண்டுவருகிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். மூன்றுக்கும் நிரூபிக்க வேண்டியவை வேறு.

சம்மன் வழக்குகளில் முறையான குற்றச்சாட்டு வனைய வேண்டியதில்லை. குற்ற விவரத்தைச் சொல்லிப் பதில் கேட்டால் போதும். அங்கேயும் விவரம் விவரமாக இருக்க வேண்டும்.

9. பிழை கண்டால் துள்ளவும் வேண்டாம், மௌனமாக இருக்கவும் வேண்டாம்.

குற்றச்சாட்டில் பிழை இருந்தாலே வழக்கு உடைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். அந்தப் பிழையால் எதிரி திசைதிருப்பப்பட்டாரா, நீதி பிறழ்ந்ததா என்பதே கேள்வி. பழைய 215ஆவது பிரிவின் எடுத்துக்காட்டில், 1882 ஜனவரி 21இல் கோதா பக்‌ஷ் என்பவரைக் கொன்றதாக ஒருவன்மேல் குற்றச்சாட்டு. உண்மையில் இறந்தவர் ஹைதர் பக்‌ஷ். நாள் ஜனவரி 20. அவன்மேல் இருந்தது ஒரே ஒரு கொலை வழக்கு. அது ஹைதர் பக்‌ஷ் வழக்கு என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே பிழையால் கேடில்லை. அடுத்த எடுத்துக்காட்டில் இரண்டு கொலைகள். ஒன்றுக்குக் குற்றம் சாட்டி, மற்றொன்றுக்கு விசாரித்துவிட்டார்கள். அவன் அழைத்து வந்த சாட்சிகளோ முதல் கொலைக்கு. அங்கே அவன் திசைதிருப்பப்பட்டான், பிழை அடிப்படையானது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சட்டத்தின் மனம் விளங்கும்.

வில்லி ஸ்லேனி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு இதைத்தான் நிலைநாட்டியது. அதே அளவுகோலால் 2010இல் மெயின் பால் வழக்கில் தண்டனை ரத்தானது. அதில் பாதிக்கப்பட்டவர் என்று குற்றச்சாட்டு சொன்ன பெண் ஒருவர், சாட்சியங்கள் குறிப்பிட்ட பெண் வேறொருவர்.

இன்னொன்று. ஆரம்பத்திலேயே ஆட்சேபம் சொல்லியிருக்கலாமே என்று மேல்முறையீட்டில் கேட்பார்கள். பிழையைக் கையில் மறைத்துவைத்திருந்து கடைசியில் எடுத்து வீசலாம் என்ற கணக்கு பெரும்பாலும் பலிக்காது. கண்ட நாளிலேயே எழுத்தில் சொல்லுங்கள்.

10. குற்றச்சாட்டு மாறக்கூடும், மாறினால் உரிமை கேளுங்கள்.

தீர்ப்புச் சொல்வதற்கு முன் எந்த நேரத்திலும் நீதிமன்றம் குற்றச்சாட்டை மாற்றலாம், சேர்க்கலாம். மாற்றியதை மறுபடி படித்து விளக்க வேண்டும். ஏற்கெனவே விசாரித்த சாட்சிகளைத் திரும்ப அழைக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தயாராக அவகாசம் தேவைப்பட்டால் கேளுங்கள்.

பெரிய குற்றத்துக்குக் குற்றம் சாட்டி அதற்குள் அடங்கிய சிறிய குற்றத்துக்குத் தண்டிப்பது அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் "அடங்கியது" என்பதில் கவனம். ஷம்ன்சாஹேப் முல்தானி வழக்கில் கொலைக்குக் குற்றச்சாட்டு இருந்தது. வரதட்சணை மரணத்துக்கு இல்லை. உயர் நீதிமன்றம் பின்னதற்குத் தண்டித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரதட்சணை மரணத்தில் சாட்சியச் சட்டம் எதிரிக்கு எதிராக ஓர் அனுமானம் செய்கிறது. அதை முறியடிக்கும் சுமை அவன்மேல் விழுகிறது. அப்படி ஒரு சுமை தன்மேல் இருக்கிறது என்றே அறியாதவனை எப்படித் தண்டிப்பது?

11. கட்சிக்காரரை முந்தின நாளே கூப்பிட்டுத் தயார் செய்யுங்கள்.

குற்றச்சாட்டைப் படித்து, விளக்கி, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?" என்று கேட்பார்கள். கருப்பு அங்கிகளைக் கண்டு நடுங்கி நிற்கும் மனிதர், எதைக் கேட்டாலும் "ஆமாங்கய்யா" என்று தலையாட்டுவார். அந்த "ஆமா" பதிவானால் அதன்மேலேயே தண்டிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. என்ன கேட்பார்கள், அதன் பொருள் என்ன, பதிலால் என்ன விளையும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். என்ன பதில் சொல்வது என்பது அவர் முடிவு. அது புரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

குற்றச்சாட்டு நீதிமன்ற மொழியில் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். நம் மாவட்ட நீதிமன்றங்களில் அது தமிழ். கட்சிக்காரர் இந்தியோ வங்காளமோ பேசும் வடமாநிலத் தொழிலாளி என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இப்போது சிறையிலிருந்து காணொளி வழியாகவும் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. திரையில் முகம் தெரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள்; குரல் கேட்டதா என்று அவரிடம் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

12. தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான்.

குற்றச்சாட்டு வனைந்துவிட்டால் பாதித் தண்டனை ஆகிவிட்டது போலச் செய்தியில் எழுதுவார்கள், தெருவில் பேசுவார்கள். அலுவலகத்தில் நாமே "அந்தத் திருடன் கேஸ்", "அந்தக் கொலைகாரன் வாய்தா" என்று சொல்லப் பழகிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தை உங்கள் மேசைக்கு அருகே வரவிடாதீர்கள். பேச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டவர், கட்டைப் படிக்கும்போதும் தீர்ப்போடுதான் படிப்பார்.

13. நாளை நீங்கள் எதிர்ப்பக்கம் நின்றாலும் இதே விதிதான்.

உங்களில் சிலர் அரசு வழக்கறிஞர் ஆவீர்கள், சிலர் நடுவர் பதவிக்குத் தேர்வு எழுதுவீர்கள். அப்போது இதெல்லாம் எதிரிக்குச் சாதகமான நுணுக்கங்கள் என்று தள்ளிவிடாதீர்கள். தேதி தவறி, பெயர் மாறி, பிரிவு பிசகி எழுதிய குற்றச்சாட்டால் முதலில் அடிபடுபவர் பாதிக்கப்பட்டவர். பல ஆண்டு வாய்தாவுக்கு அலைந்து, கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னபின், மேல்முறையீட்டில் ஒரு வரிப் பிழைக்காகத் தண்டனை உடைந்தால் அவருக்கு யார் பதில் சொல்வது? சரியாக எழுதிய குற்றச்சாட்டு, குற்றமற்றவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள வழி தரும். குற்றம் செய்தவருக்குத் தப்பிக்க வழி தராது. இரண்டையும் ஒரே தாள் செய்கிறது. அதை எழுதும் நாளுக்குச் சீனியரும் போகட்டும், ஜூனியரும் போகட்டும். கட்டைப் படித்துவிட்டுப் போகட்டும்.